காத்திருப்பவரின் பக்கத்து நாற்காலி

ஆகஸ்ட் மாதத்தின் முதல் புதன்கிழமை வந்தால் இஷ்பெல் ரென்னி ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். அவள் மட்டுமல்ல, நாட்டில் பயிற்சியில் இருக்கும் மருத்துவர்கள் அநேகமாக எல்லோரும் அன்றைக்குத்தான் இடம் மாறுவார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரை ஒரு ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரிந்த முகம். புதன்கிழமை காலை வேறொரு ஆஸ்பத்திரியில் கழிப்பறை எங்கே என்று கேட்கும் முகம். பெட்டிக்குள் அதிகம் இருக்காது. ஸ்டெதாஸ்கோப், ஒரு ஜோடி கம்பளிக் காலுறை, பாதி தீர்ந்த தேயிலைப் பொட்டலம், நீலக் கோடு போட்ட ஒரு கோப்பை. முப்பத்து நான்கு வயதுக்குள் எத்தனை முறை பெட்டி கட்டினோம் என்று எண்ணுவதை அவள் விட்டுவிட்டாள். ஒரே ஜன்னலிலிருந்து ஒரே மரம் இரண்டு முறை இலை உதிர்ப்பதைப் பார்த்ததில்லை என்று எப்போதாவது சொல்வாள். அதில் புகார் இருக்காது, அலுப்புத்தான் இருக்கும்.

அவளுடைய அப்பா பீட்டர்ஹெட் துறைமுகத்திலிருந்து மீன் லாரி ஓட்டியவர். மகள் டாக்டராகிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லி முடித்துப் பத்து வருஷமாகியும் அவள் இன்னும் பயிற்சியில்தான் இருக்கிறாள் என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை. "இன்னும் பாஸ் பண்ணலையா?" என்று கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் வருஷா வருஷம் கேட்பார். வயதானவர்களுக்கான மருத்துவத்தை அவள் தேர்ந்தெடுத்ததற்கும் பெரிய காரணம் ஒன்றுமில்லை. மற்ற வார்டுகளில் எல்லோரும் ஓடினார்கள், அங்கே நடந்தார்கள்.

ஃபைஃப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ஒன்பதாம் வார்டில் அவள் இருந்த வருஷம்தான் அந்த விருப்பப் பாடம் உருவானது. மூன்றாம் வருஷ மருத்துவ மாணவர்களுக்கு நான்கு வாரம் சொந்த விருப்பத்துக்கென்று விடப்படும். அந்த நான்கு வாரத்தில் எங்கே போய் எதைக் கற்பது என்று ஒரு நீண்ட பட்டியலிலிருந்து அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். மலை மீட்புப் படையோடு ஒரு மாதம், விளையாட்டு வீரர்களின் முழங்கால், ஆப்பிரிக்காவில் ஒரு கிராம ஆஸ்பத்திரி என்று கண்ணைப் பறிப்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தப் பாடங்களை வடிவமைப்பவர்களில் பாதிப் பேர் பயிற்சி மருத்துவர்கள். சொல்லிக்கொடுத்ததற்குச் சான்று இல்லாவிட்டால் அவர்களுடைய வருடாந்திர மதிப்பீட்டில் ஓட்டை விழும். இஷ்பெல்லும் அந்த ஓட்டையை அடைக்கத்தான் ஆரம்பித்தாள்.

ஒன்பதாம் வார்டின் படுக்கைகளில் பாதி, மருத்துவர்கள் வேலையை முடித்துவிட்டவர்களுக்கு உரியவை. நிமோனியா குணமாகியிருக்கும், எலும்பு கூடியிருக்கும். ஆனால் வீட்டுக்குப் போனால் நாளுக்கு நான்கு முறை யாராவது வந்து தூக்கி உட்கார வைக்க வேண்டும், கழுவிவிட வேண்டும், சாப்பாடு கொடுக்க வேண்டும். அதற்கு ஊர் நிர்வாகமான கவுன்சில் ஆள் அனுப்பும். கவுன்சிலிடம் ஆள் இல்லை. எனவே காத்திருப்பார்கள். காலைச் சுற்றில் மருத்துவர்கள் அந்தப் படுக்கைகளின் காலடியில் நின்று, "மாற்றம் ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டு நகர்வார்கள். இஷ்பெல்லும் அப்படித்தான் நகர்ந்தாள்.

ஒருநாள் காலை வாட்டி கெட்டஸ் அவளைப் பிடித்து நிறுத்தினார். கிர்கால்டியில் தரைக்குப் போடும் லினோலியம் விரிப்பு ஆலையில் வேலை பார்த்த மனிதர். இடுப்பு முறிந்து வந்தவர்.

"கண்ணு, ஒண்ணு சொல்றேன் கேட்பியா?"

"சொல்லுங்க வாட்டி."

"நீ வந்து நிக்கிறேல்ல, அது யாருன்னு பாக்கலாம்னு நான் கண்ணாடியத் தேடுறேன். தேடி எடுத்து மாட்டுறதுக்குள்ள நீ பக்கத்துப் படுக்கைக்குப் போயிடுற. இத்தனை மாசமா உன் முதுகத்தான் பாத்திருக்கேன். நல்ல முதுகுதான், தப்பாச் சொல்லல."

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். ஆனால் மதியம் சாண்ட்விச்சைப் பிரித்தபோதும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அன்றைக்கு அவள் எழுத ஆரம்பித்த பாடம் அதுவரை யோசித்து வைத்திருந்த பாடமே இல்லை. மாணவன் ஒருவன், காத்திருக்கும் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். ரத்தம் எடுக்கக் கூடாது, நாடி பார்க்கக் கூடாது. அவருக்காக எந்தத் தொலைபேசி அழைப்பு போகிறது, எந்தக் கூட்டம் தள்ளிப்போகிறது, யார் எதற்கு மறுக்கிறார்கள் என்று படுக்கையின் பக்கத்திலிருந்தே பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடங்களை ஒழுங்குபடுத்துபவள் லோர்னா பெத்யூன். அவள் இரண்டு முறை திருப்பி அனுப்பினாள். மூன்றாவது முறை தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மாணவர் ‘புரிந்துகொள்வார்’னு போட்டிருக்கீங்க டாக்டர். அது ஆகாது. புரிஞ்சுதா இல்லையான்னு நான் எப்படி அளக்கிறது? ‘விவரிப்பார்’, ‘ஒப்பிடுவார்’, இந்த மாதிரி போடுங்க."

"‘உட்கார்ந்திருப்பார்’?"

"உட்கார்றதுக்கு எப்படிங்க மார்க் போடுறது?"

"நாற்காலியிலேர்ந்து விழாம இருந்தா அம்பது."

லோர்னா சிரித்தாள், ஆனால் விடவில்லை. கடைசியில் மாணவர் காத்திருத்தலின் காரணங்களைப் பகுப்பாய்வார் என்று ஆயிற்று. ஒரு விதியையும் சொல்லி வைத்தாள். குறைந்தது இரண்டு பேராவது தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பாடம் பட்டியலை விட்டுப் போகும், திரும்ப வராது.

வசந்தத்தில் இரண்டு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். இஷ்பெல் அன்றைக்கு வார்டில் எல்லோருக்கும் பன்றிக்கறி வைத்த பேக்கன் ரோல் வாங்கிக் கொடுத்தாள். எங்கே போனாலும் எல்லாவற்றையும் பாதியில் விட்டுவிட்டுத்தான் போகிறோம், இந்த ஒன்றாவது ஒரு இடத்தில் நிற்கட்டும் என்று அவளுக்கு இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஜூனில் மாற்றல் உத்தரவு வந்தது. டே என்னும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரி, ஆகஸ்ட் முதல் புதன்கிழமை. இஷ்பெல் அதைப் படித்தபோது வார்டின் சிறிய சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். பாடம் ஆரம்பிப்பது அக்டோபரில், ஒன்பதாம் வார்டில், அவளுடைய மேற்பார்வையில். அவள் அங்கே இருக்கமாட்டாள்.

பக்கத்தில் டோஸ்ட் தின்றுகொண்டிருந்தவர் டூகி இம்ரி, வார்டின் தலைமைச் செவிலியர். பெரிய உடம்பு, மொட்டைத் தலை. மற்றவர்கள் வந்து வந்து போக, அங்கேயே வேரூன்றி நிற்கும் மனிதர்.

"முகம் ஏன் இப்படித் தொங்குது? எங்க போடுறாங்க உன்னை?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம்."

"உன் பசங்க எப்ப வர்றாங்க?"

"அக்டோபர்."

டூகி மென்றுகொண்டே யோசித்தார். "குளிர்காலத்துல உக்காந்து எழுதும்போது, நடுவுல ஆகஸ்ட்னு ஒரு மாசம் இருக்குன்னு தோணலையா உனக்கு?"

"தோணல."

"யாருக்கும் தோணாது. வருஷா வருஷம் மாத்துறான். ஆனாலும் ஒவ்வொருத்தரும் இங்கயே பேரன் பேத்தி எடுக்கப்போற மாதிரிதான் திட்டம் போடுறீங்க." அவர் காலால் கீழ் அலமாரியின் கதவைத் தள்ளித் திறந்தார். அதற்கு வார்டில் கல்லறை என்று பெயர். விழும் அபாயம் உள்ளவர்களின் படுக்கைப் பலகையில் ஒட்ட ஒருவர் வாங்கிய மஞ்சள் காந்தங்கள், தண்ணீர் குடிக்கச் சொல்லும் பளபளப்பான சுவரொட்டிகள், கை கழுவும் நேரத்தைக் காட்டும் மணற்கடிகாரம் என்று எல்லாம் உள்ளே கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு பயிற்சி மருத்துவரின் திட்டம். ஒவ்வொன்றும் ஒரு ஆகஸ்டில் செத்தது. "இடம் பண்ணி வைக்கிறேன். உன்னோடது தட்டையா, உருண்டையா?"

"நாற்காலி."

"நாற்காலி உள்ள போகாது," என்றார் டூகி.

பாடத்தைத் தன்னோடு எடுத்துப்போகலாமா என்று அவள் யோசித்துப் பார்த்தாள். புது ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கிடைத்தது அவசர நோயாளிகள் வரும் வார்டு. அங்கே யாரும் காத்திருக்கமாட்டார்கள். வருவார்கள், வேறெங்காவது அனுப்பப்படுவார்கள். ரத்து செய்தால் இரண்டு மாணவர்களையும் மிச்சமிருக்கும் ஏதோ ஒரு நூலக வேலைக்குத் தள்ளுவார்கள். பாடமும் பட்டியலை விட்டுப் போய்விடும். மிச்சமிருந்தது அவளுக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமை மட்டும்தான்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு ஒரு கதை உண்டு. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஒருநாள் அவள் ஆஸ்பத்திரியின் வாகன நிறுத்தத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கவில்லை. அழவில்லை, தூங்கவில்லை, இறங்கவில்லை, அவ்வளவுதான். கண்ணாடியில் மழை வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் வாரத்துக்கு நான்கு நாள் வேலை என்று எழுதி வாங்கினாள். அவளோடு வாழும் ஸ்ட்ரூயன் தொடக்கப்பள்ளி வாத்தியார், அதிகம் பேசாதவன்.

"வெள்ளிக்கிழமை எதுக்கு வாங்கின?" என்று கேட்டான்.

"தூங்க."

"அப்ப தூங்கு."

"நாலே நாலு வெள்ளி, ஸ்ட்ரூயன்."

"நீ எதையும் நாலோட விட்டு நான் பாத்ததில்ல," என்று சொல்லிவிட்டு அவன் உருளைக்கிழங்கு உரிக்கப் போனான். கோபமாக உரித்தான்.

அக்டோபரில் முதல் வெள்ளிக்கிழமை கடல்மூடுபனி ஆற்றுப் பாலத்தை முழுக்க விழுங்கியிருந்தது. இஷ்பெல் ஒன்பதாம் வார்டுக்குள் நுழைந்தபோது இரண்டு மாணவர்களும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நஃபீஸா ரெஹ்மானி கிளாஸ்கோக்காரி, வாய் ஓயாதவள். டார்க்வில் ஹெப்பர்ன் எடின்பரோவில் நல்ல பள்ளியில் படித்த நெட்டைப் பையன்.

"இதை ஏன் எடுத்தீங்க?" என்று இஷ்பெல் கேட்டாள்.

"பரீட்சை இல்ல, பஸ் நேரா வாசல்ல நிக்குது," என்றாள் நஃபீஸா. "பொய் சொல்லணுமா டாக்டர்?"

"வேண்டாம். நீ?"

டார்க்வில் காது வரை சிவந்தான். "உண்மையைச் சொல்லணும்னா, இது என்னோட ஏழாவது விருப்பம். முழங்காலுக்குத்தான் கேட்டிருந்தேன்."

"பரவாயில்ல. வெள்ளிக்கிழமைக்கு எனக்கும் இது முதல் விருப்பம் இல்ல."

பக்கவாதத்தில் பேச்சு போன ஜீனி பர்ன் என்ற பெண்மணிக்குப் பக்கத்தில் நஃபீஸாவை உட்கார வைத்தாள். வாய் ஓயாதவள் பேசாத ஒருவரோடு என்ன செய்கிறாள் பார்க்கலாம் என்றுதான். டார்க்வில்லை வாட்டியிடம் அனுப்பினாள். வாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"இவ்வளவு உயரத்துக்கு எவண்டா தீனி போட்டான்? உக்காரு தம்பி, கழுத்து வலிக்குது."

மற்ற நாட்களில் மாணவர்கள் தாங்களாகவே வந்து உட்கார்ந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் இஷ்பெல் வந்து அவர்கள் பார்த்ததைக் கேட்டுக்கொண்டாள். முதல் வாரம் டார்க்வில் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது வாரம் சொல்லி முடிக்க முடியவில்லை. வாட்டிக்கு ஆள் கிடைத்தாயிற்று என்றார்களாம். பிறகு அந்த ஆள் வேலையை விட்டாயிற்று என்றார்களாம். அதை வாட்டியிடம் யாருமே சொல்லவில்லையாம்.

"அப்ப யார் சொன்னது?"

"நான்தான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதா?"

"அவர் என்ன சொன்னார்?"

"‘தெரியும், பேன்ட்ட மடிச்சுப் பையில வச்சாங்க, திரும்ப எடுத்து அலமாரியில மாட்டிட்டாங்க’ன்னார்."

அந்த வாரமே லோர்னா கூப்பிட்டாள். அடுத்த வருஷப் பட்டியல் தயாராகிறது. மேற்பார்வை செய்பவர் பாடம் நடக்கும் இடத்திலேயே வேலை பார்க்கிறவராக இருக்க வேண்டும். இஷ்பெல் இனி அங்கே இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. "இந்த வருஷம் கண்டுக்காம விட்டேன் டாக்டர். அடுத்த வருஷத்துக்கு வேற பேர் வேணும். உங்க கடைசி வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள வந்துடணும். வரலேன்னா எடுத்துடுவேன்."

வார்டின் மூத்த மருத்துவர் பீட்ரி நல்ல மனிதர். இஷ்பெல் கேட்டவுடன், நடந்துகொண்டே, "என் பேரைப் போட்டுக்கோ, தாராளமா. வேலை ஒண்ணும் இல்லையே?" என்றார். அவர் பெயரில் ஏற்கெனவே மூன்று பாடங்கள் இருந்தன. அந்த மாணவர்கள் தாழ்வாரத்தில் அவரைத் தேடிக்கொண்டு அலைவதை அவளே பார்த்திருக்கிறாள். நன்றி சொல்லிவிட்டு வந்தாள். பெயரை அனுப்பவில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அவள் பாலத்தைக் கடந்ததே சரியாக நினைவில் இல்லை. அந்த வாரம் அவசர வார்டில் தாழ்வாரத்திலெல்லாம் நோயாளிகள் கிடந்தார்கள். ஒன்பதாம் வார்டில் அன்றைக்கு வாட்டியைப் பற்றிப் பேச இருந்த கூட்டம் தள்ளிப்போயிருந்தது. டார்க்வில் தொலைபேசியோடு எங்கோ போயிருந்தான். வாட்டியின் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அவன் வரும் வரை என்று அதில் உட்கார்ந்தாள்.

விழித்தபோது மேலே ஒரு ஆஸ்பத்திரிப் போர்வை கிடந்தது. மதியச் சாப்பாட்டின் மீன் வாசம் வந்து அடங்கியும் போயிருந்தது. டார்க்வில் தரையில், சுவரில் சாய்ந்து, நீண்ட கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தான். காதில் தொலைபேசி, அதற்குள்ளிருந்து கவுன்சிலின் காத்திருப்பு இசை மெல்லக் கசிந்தது.

"யாரும் எழுப்பலையா?" என்றாள் பதறி.

"எழுப்ப விட்டாத்தானே?" என்றார் வாட்டி. கண்ணாடி மாட்டியிருந்தார். "அந்தப் பீட்ரி கூட்டத்தோட வந்தார். உஸ்ஸுன்னேன். மாற்றம் ஒண்ணுமில்ல, போய்யான்னேன்."

"ஐயோ, வாட்டி."

"ரவுண்ட்ஸுல நீ நின்னதெல்லாத்தையும் சேத்தாலும் இன்னிக்கு உக்காந்த அளவுக்கு வராது கண்ணு. குறட்டை விட்ட, ஆனா மரியாதையாத்தான் விட்ட."

டூகி மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர் நின்று பார்த்தார். "படுக்கைதான் இல்லேன்னு நினைச்சேன். இப்ப நாற்காலியிலயும் ஆள் சேத்தாச்சு. உனக்கும் சாயங்காலம் மாத்திரை உண்டா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்.

கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. வாட்டிக்குக் காலை வேளைக்கு மட்டும் ஆள் கிடைத்திருந்தது. மற்ற மூன்று வேளைக்கு இல்லை. ஒரு வேளைக்கு ஆளை வைத்துக்கொண்டு யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. டார்க்வில் அதை விவரித்தான், ஒப்பிட்டான், பகுப்பாய்ந்தான். கடைசியில் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, "இது யார் தப்புன்னு எனக்குப் புரியல டாக்டர்," என்றான். நான்கு வாரத்தில் நஃபீஸா பேசாமல் இருக்கப் பழகியிருந்தாள். ஜீனி பர்னின் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

மாணவர்களை அனுப்பிவிட்டு இஷ்பெல் சமையலறைக்கு வந்தாள். மணி நான்கைத் தாண்டியிருந்தது. டூகி டோஸ்டுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"பேர் அனுப்பிட்டியா?"

"இல்ல. பீட்ரி பேரைப் போட்டா பாடம் பேருக்குத்தான் இருக்கும். அதுக்குப் பதிலா போகட்டும்னு விட்டுடலாம். உங்க அலமாரியில இடம் இருக்கில்ல?"

டூகி கத்தியை வைத்தார். "டாக்டராத்தான் இருக்கணும்னு எங்கயாவது போட்டிருக்கா?"

அவள் யோசித்தாள். அப்படி எங்கேயும் இல்லை. இங்கேயே வேலை பார்க்கிறவர் என்று மட்டும்தான் லோர்னா சொன்னாள்.

"அப்ப என் பேரைப் போடு."

"நீங்களா? எந்தத் திட்டத்தையும் தொடமாட்டேன்னு சொல்லுவீங்களே."

"நீ வேற மாதிரி நினைச்சுக்காத. அந்த நெட்டையன் உக்காந்ததுலேர்ந்து வாட்டி மணி அடிக்கிறது பாதியாக் குறைஞ்சிருக்கு. என் நர்ஸ் பொண்ணுங்களுக்கு டீ குடிக்க நேரம் கிடைக்குது. அதுக்காகத்தான்." ஒரு கடி கடித்தார். "ஆனா அந்தப் பகுப்பாய்வு கிகுப்பாய்வெல்லாம் எடுத்துடு. எனக்கு வராது. வெள்ளிக்கிழமையும் வேண்டாம், மீன் போடுற நாள், வார்டே சந்தை மாதிரி இருக்கும்."

"சரி. ரெண்டு பேரும் போட்டுக்கலாமா? வடிவமைச்சது நான், நடத்துறது நீங்க."

டூகி தலையை ஆட்டினார். குரலில் கேலி இல்லை. "உன் பேர் இருந்தா பசங்க உன்னைத்தான் தேடுவாங்க. நீ அடுத்த அக்டோபர்ல எங்க இருப்பேன்னு உனக்கே தெரியாது."

அது உண்மைதான். பிறகு இஷ்பெல் லோர்னாவைக் கூப்பிட்டாள். டூகியின் முழுப் பெயர் டக்ளஸ் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"செவிலியரா?" என்று லோர்னா இழுத்தாள். பிறகு, "விதியில தடை ஒண்ணும் இல்ல. ஒரே பேருக்குத்தான் இடம் இருக்கு டாக்டர். அப்ப உங்க பேரை எடுத்துடவா?"

இஷ்பெல் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"எடுத்துடுங்க," என்றாள்.

கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியவளை டூகி கூப்பிட்டார். கீழ் அலமாரியில், மஞ்சள் காந்தங்களுக்கும் மணற்கடிகாரத்துக்கும் நடுவிலிருந்து நீலக் கோடு போட்ட கோப்பையை எடுத்து நீட்டினார். ஆகஸ்டில் பெட்டி கட்டும்போது விட்டுப்போனது. புது ஆஸ்பத்திரியில் அவள் இன்னும் காகிதக் கோப்பையில்தான் குடித்துக்கொண்டிருந்தாள். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

போகிற வழியில் வாட்டியின் படுக்கையருகே நின்றாள். அவர் தூங்கிவிட்டிருந்தார். கண்ணாடி மேசைமேல் இருந்தது. நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று நினைத்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது. ஆற்றைக் கடந்து வீட்டுக்கு வந்தாள்.

"அடுத்த வெள்ளி?" என்று ஸ்ட்ரூயன் கேட்டான்.

"தூங்கப்போறேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை திரைச்சீலையை இழுத்துவிட்டுத்தான் படுத்திருந்தாள். இருந்தும் ஏழு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. வெளியே மழை. ஒன்பதாம் வார்டில் இப்போது சுற்று ஆரம்பித்திருக்கும். வாட்டி கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார். பக்கத்து நாற்காலியில் அடுத்த அக்டோபர் வரை யாரும் இருக்கமாட்டார்கள். அவள் தலையணையைத் திருப்பிப்போட்டு, குளிர்ந்த பக்கத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு, தூக்கம் வருகிறதா என்று பார்த்தாள்.